எதிர்ப்பக்கம்

புத்தகமாக விற்றால் நாற்பது வெள்ளி.
படங்களாக விற்றால்
ஒன்று எழுபது, சட்டம் போட்டால் நூற்றிருபது.
எட்டுப் படங்கள்.
குவெக் கணக்கு எதுவும் சொல்லவில்லை.
கத்திக்குப் புது அலகு வாங்கி
மேசையில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ், மூன்றாம் தளம்.
யாரோ மாலுமிகள் விடுதியின் வட்ட முத்திரை
முதல் தாளில்: வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.
எடுத்துத்தான் சென்றிருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்துக் கதை.
ஒவ்வொரு படத்தின் மேலும்
வெங்காயச் சருகுபோல ஒரு தாள்.
விலக்கினால்
சரிவு முழுக்க ஊதாப் புதர்.
காலுறை கிழிந்த பையன் ஒருவன்
பாறைமேல் குப்புறக் கிடக்கிறான்.
கீழே, தீக்குச்சி கொட்டியதுபோல,
சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள்.
அடியில் சாய்வெழுத்து:
'அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.'
நானும் பிடித்துக்கொண்டுதான் வெட்டினேன்.
விட்டால் கோடு கோணும்.

எட்டும் போயின.
டக்ஸ்டன் ஹில்லில் ஒரு ஹோட்டல் நான்கை வாங்கியது,
லிஃப்ட் எதிரே மாட்ட.
நொவீனாவில் ஒரு பல் மருத்துவர்
சோபா நிறத்தைக் கைப்பேசியில் காட்டி
இரண்டு எடுத்துப்போனார்.
மற்ற இரண்டும் எங்கே என்று
ரசீதைப் பார்த்தால்தான் தெரியும்.

படமில்லாத புத்தகத்தை
வாசலில் இரண்டு வெள்ளிப் பெட்டியில் போட்டேன்.
மழைக்கு ஒதுங்கிய ஒருவர் எடுத்தார்.
சிக்கந்தர். பைலட் படகு ஓட்டுகிறவர்.
கப்பல் ஏணியில் ஆளை ஏற்றிவிட்டு
அடுத்த அழைப்பு வரும்வரை
கடலில் ஆடிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு
ஏதாவது வேண்டுமாம்.

மூன்று வாரம் கழித்து வந்தார், புத்தகத்தோடு.
'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'
பலகை எங்கே என்று என் கண் தேடியது.

அவர் சருகுத் தாள் ஒன்றை உருவினார்.
(அவற்றை நான் வெட்டவில்லை. விலை கிடையாது.)
"ஜன்னல்கிட்ட பிடிங்க."

நூறு வருஷம் படத்தில் முகம் புதைத்துக் கிடந்த தாள்.
மை பழுப்பாக இறங்கியிருந்தது:
கப்பலின் விலா, தொங்கும் கயிறு,
கயிற்றில் அந்தப் பையன்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம் படிங்க.
இடது கையாலதான் பிடிச்சான்,
வலது கையில காயம். இதுலயும் இடதுதான்."

"இது கண்ணாடி பார்த்ததுபோலப் படிந்தது, அண்ணே.
படத்தில் வலது கை. நான்தானே வெட்டினேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
தினமும் ஏணிகளில் கைகளையே பார்க்கிறவர்.
"அப்போ வரைஞ்சவர் கதையைச் சரியாப் படிக்கலை"
என்றார். "சருகு படிச்சிருக்கு."

எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.
எங்கே என்றுதான் கேட்டார்.
ஹோட்டல் பெயரைச் சொன்னேன்,
தொழில் ரகசியம் இல்லையே அது.

வெள்ளிக்கிழமை ஒரு புகைப்படம் அனுப்பினார்.
லிஃப்ட் கதவின் பித்தளையில் அவர் ஆரஞ்சு மேலங்கி,
பக்கத்தில் கைகட்டி நிற்கும் காவலாளி.
சட்டக் கண்ணாடியின்மேல்
இரு கையாலும் சருகைப் பரப்பிப் பிடித்திருக்கிறார்.
பாறைப் படம்.
கோடு கோட்டோடு பொருந்தியிருக்கிறது,
அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது.
ஊதா மங்கி, சிவப்பு மங்கி,
பையன் எங்கே என்று
பெரிதாக்கிப் பார்த்தும் அகப்படவில்லை.
இருவரையும் விட்டால் அங்கே
படம் எடுக்க யார் இருந்தார்கள் என்று
பிறகுதான் தோன்றியது.

குவெக் புதுப் பெட்டியைப் பிரிக்கிறார்.
ஆப்பிரிக்கப் பயணக் கதை, பன்னிரண்டு படங்கள்.
அலகு அதே இடத்தில் இருக்கிறது.
நான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.
"என்ன செய்கிறாய்?" என்றார்.
எந்தக் கை என்று பார்க்கிறேன் என்றேன்.